கேன், குட், மஸ்ட், வுட்: எதை எங்கே போடுவது?

கேள்வி இது: "'கேன்' என்றால் முடியும், 'குட்' என்றால் முடிந்தது, 'மே' என்றால் செய்யலாம், 'மஸ்ட்' என்றால் கண்டிப்பாகச் செய்யணும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன். வேலைக்கு வந்த பிறகு அந்தப் பட்டியல் உதவவே இல்லை. நாளைக்கு நடக்க வேண்டியதைக் கேட்கும்போதும் 'குட்' போடுகிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்தாத இடத்திலும் 'மஸ்ட்' வருகிறது. இந்த மோடல் வெர்ப்களை எப்படித்தான் புரிந்துகொள்வது?"

உங்களைக் குழப்புவதே அந்தப் பட்டியல்தான். ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ் அர்த்தம் என்று பிடித்துக்கொண்டால் இந்தச் சொற்கள் பிடி கொடுக்காது. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்ற ஒன்பதையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான சிக்கல் அவிழ்ந்துவிடும். பேசுபவர் அந்தச் செயலைப் பற்றிச் சொல்கிறாரா, அதைப் பற்றிய தன் ஊகத்தைச் சொல்கிறாரா? இது முதல் கேள்வி. நேராகச் சொல்கிறாரா, ஓர் அடி விலகி நின்று சொல்கிறாரா? இது இரண்டாவது.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். 'யூ மஸ்ட் கோ' என்றால் நீ போயே ஆகணும். 'யூ மஸ்ட் பி டயர்ட்' என்றால்? களைத்துப் போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. "ரொம்பக் களைச்சுப் போயிருப்பீங்க" என்ற ஊகம் அது. முன்னதில் 'மஸ்ட்' செயலின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பின்னதில் பேசுபவரின் மனதில். 'மே'யும் அப்படியே. 'யூ மே லீவ்' அனுமதி, 'ஷி மே பி ஸ்லீப்பிங்' ஊகம். 'யூ ஷுட் கால் ஹெர்' அறிவுரை. 'த பஸ் ஷுட் பி ஹியர் பை நவ்' என்பது "பஸ் இந்நேரம் வந்திருக்கணுமே" என்ற எதிர்பார்ப்பு.

இது நமக்குப் புதிதல்ல. "நீ உள்ளே வரலாம்" என்பதில் அனுமதி, "அவர் நாளைக்கு வரலாம்" என்பதில் ஊகம், "வா, போகலாம்" என்பதில் அழைப்பு. மூன்றும் ஒரே 'லாம்'தான். எதிர்கால விகுதியைப் பாருங்கள். "இந்நேரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்" என்கிறோம். விகுதி எதிர்காலம், பேசுவதோ ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும் என்று நாம் நினைப்பதை. ஆங்கிலத்தின் 'வில்' இதே வேலையைச் செய்யும். வாசலில் மணி அடித்ததும் 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்கிறார்கள். நாம் "போஸ்ட்மேனா இருக்கும்" என்கிறோம். அதேபோல "தாத்தா தினமும் விடியற்காலையில் ஆற்றுக்குப் போவார்" என்று பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால விகுதி போடுகிற இடத்தில் ஆங்கிலம் 'வுட்' போடும்: 'ஹி வுட் கோ டு த ரிவர் எவ்ரி மார்னிங்'. திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குத்தான் இந்த 'வுட்' ஆகும். "இங்கே ஒரு கிணறு இருந்தது" போல ஒரு நிலையைச் சொல்லும்போது 'யூஸ்டு டு' மட்டுமே வரும்.

ஆனால் நம்முடைய 'லாம்' எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருப்பதால், ஆங்கிலத்தில் எல்லா இடத்துக்கும் 'கேன்' போட்டுவிடுகிறோம். "சென்னையில் நவம்பரில் பலத்த மழை பெய்யலாம்" என்பது பொதுவான உண்மை. அதற்கு 'இட் கேன் ரெயின் ஹெவிலி' சரி. "நாளைக்கு மழை பெய்யலாம்" என்பது ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிய ஊகம். அங்கே 'இட் கேன் ரெயின் டுமாரோ' என்று சொல்வதில்லை. 'மே', 'மைட்', 'குட்' மூன்றில் ஒன்று வேண்டும். எதிர்மறையில் 'கேன்' ஊகத்துக்குள் வந்துவிடும், அதுவும் பலமாக. 'ஹி மஸ்ட் பி அட் த ஆபீஸ்' என்பதற்கு எதிர் 'ஹி கான்ட் பி அட் த ஆபீஸ்'. "அவர் ஆபீஸில் இருக்கவே முடியாது, இப்போதுதான் கடையில் பார்த்தேன்" என்று நாமும் 'முடியாது' போட்டுத்தானே சொல்கிறோம்.

இனி இரண்டாவது கேள்வி. 'குட்', 'வுட்', 'மைட்', 'ஷுட்' நான்கையும் கேன், வில், மே, ஷல் ஆகியவற்றின் இறந்தகாலம் என்று சொல்லித்தருகிறார்கள். வடிவம் அப்படித்தான். ஆனால் அந்த வடிவம் காட்டுவது விலகலை. காலத்திலிருந்து விலகினால் அது இறந்தகாலம்: 'ஷி குட் ஸ்விம் அட் ஃபைவ்', ஐந்து வயதிலேயே நீந்துவாள். உறுதியிலிருந்து விலகினால் தயக்கமான ஊகம்: 'மே'யைவிட 'மைட்' சற்று வலு குறைந்தது, இருந்தாலும் இன்றைய பேச்சில் அந்த வித்தியாசம் மெலிந்துவிட்டது. நடப்பிலிருந்து விலகினால் கற்பனை: 'இஃப் ஐ ஹாட் மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்'. கேட்கப்படுபவரிடமிருந்து விலகினால் மரியாதை. உங்களைக் குழப்பிய 'குட் யூ சென்ட் த ஃபைல் டுமாரோ?' இந்தக் கடைசி வகை. "உங்களால் முடியும் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, முடிந்தால் பாருங்கள்" என்று சொல்லும் 'குட்' அது.

தமிழில் இந்த மரியாதையை நீங்கள், வாங்க, கொஞ்சம், அனுப்ப முடியுங்களா போன்றவற்றால் காட்டிவிடுகிறோம். இன்றைய ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டும் ஒரே 'யூ'தான். அதனால் மரியாதையின் சுமையில் பெரும்பகுதி மோடல் வெர்ப்பின் தலையில் விழுகிறது. 'ப்ளீஸ் சென்ட் த ஃபைல்' என்று எழுதுகிறவர் ப்ளீஸ் போட்டாயிற்று என்று நினைக்கிறார். படிப்பவருக்கு அது பணிவாகச் சொன்ன உத்தரவாகவே தெரியக்கூடும். மேலாளருக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதும்போது 'குட் யூ' என்று தொடங்குவது பெரும்பாலும் நல்லது. தினமும் கூடவே உட்கார்ந்து வேலை பார்க்கிறவரிடம் 'கேன் யூ' போதும். அவரிடம் 'வுட் யூ மைண்ட்' என்றெல்லாம் ஆரம்பித்தால் ஏதோ மனக்கசப்பு என்று நினைத்துக்கொள்வார்.

நம் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் மோடல் வெர்ப்புக்குப் பின் 'ஹாவ்' வரும் வாக்கியங்கள். "சொல்லியிருக்கலாம்" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். "யாரு சொன்னதுன்னு தெரியல, அவன் சொல்லியிருக்கலாம்" என்றால் சந்தேகம். ஆங்கிலத்தில் 'ஹி மே ஹாவ் செட் இட்'. "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றால் குறை, நீ சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் 'யூ குட் ஹாவ் டோல்ட் மி'. இங்கே 'மே ஹாவ்' போட்டால் குறை காணாமல் போய், "நீ என்னிடம் சொன்னாயோ என்னவோ, எனக்கு நினைவில்லை" என்று ஆகிவிடும்.

"வந்திருக்க வேண்டும்" இன்னும் கடினம். "செருப்பு வாசலில் கிடக்கிறது, அவர் வந்திருக்க வேண்டும்" என்றால் வந்துவிட்டார் என்ற முடிவு: 'ஹி மஸ்ட் ஹாவ் கம்'. "நேற்றே வந்திருக்க வேண்டும், இன்னும் ஆளைக் காணோம்" என்றால் வரவில்லை: 'ஹி ஷுட் ஹாவ் கம் எஸ்டர்டே'. தமிழில் ஒரே வடிவம், நேர் எதிரான இரண்டு செய்தி. குரலும் சூழலும் நமக்கு வழிகாட்டுகின்றன. ஆங்கிலத்தில் மோடல் வெர்ப் மட்டுமே வழிகாட்டும். 'த பேமென்ட் மஸ்ட் ஹாவ் பீன் மேட்' என்று நீங்கள் எழுதினால், பணம் கட்டியாகிவிட்டது என்று நீங்கள் நம்புவதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். கட்டாததைக் குத்திக்காட்ட நினைத்திருந்தால் 'ஷுட் ஹாவ் பீன்' என்று எழுதியிருக்க வேண்டும். கணக்கு வழக்கு, ஒப்பந்தம், மருத்துவக் குறிப்பு போன்றவற்றில் இந்த ஒரு சொல் மாறினால் நிஜமான சேதம் வரும்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒன்று. 'மே ஹாவ் டைட்' என்றால் இறந்திருக்கலாம், இன்னும் தெரியவில்லை. 'மைட் ஹாவ் டைட்' என்பதில் "நல்லவேளை பிழைத்தார், இல்லாவிட்டால் போயிருப்பார்" என்ற பொருளும் உண்டு. உயிர் பிழைத்தவரைப் பற்றி எழுதும்போது 'மே ஹாவ்' போடாதீர்கள்.

அப்புறம் 'மஸ்ட் நாட்'. "வேண்டும்" என்பதற்கு எதிர் "வேண்டாம்" என்று பழகியதால் 'யூ மஸ்ட் நாட் கம்' என்பதை "நீ வர வேண்டாம், பரவாயில்லை" என்று புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது "வரக்கூடாது" என்ற தடை. "வர வேண்டியதில்லை" என்று சொல்ல 'யூ டோன்ட் ஹாவ் டு கம்' அல்லது 'யூ நீட் நாட் கம்' வேண்டும். மாத்திரை டப்பாவில் மஸ்ட் நாட் என்று போட்டிருப்பதை விருப்பத்துக்கு விட்டதாக நினைத்துவிடக் கூடாது.

நேர்மறையில் 'மஸ்ட்', 'ஹாவ் டு' இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சொல்பவரே வலியுறுத்தும்போது 'மஸ்ட்', வெளியிலிருந்து வரும் விதியோ நிலைமையோ காரணம் என்றால் 'ஹாவ் டு' என்ற சாய்வு உண்டு. 'யூ மஸ்ட் டேஸ்ட் திஸ்' என்பதில் விருந்தோம்பலின் வற்புறுத்தல் இருக்கிறது. ஆபீஸில் ஒருவரைப் பார்த்து 'யூ மஸ்ட் ஃபினிஷ் திஸ்' என்றால் அதிகாரம் தூக்கலாகத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துகளைத் தொகுத்து ஒப்பிட்ட மொழியியலாளர்கள் மஸ்ட், ஷல், மே மூன்றும் குறைந்துவருவதையும் 'ஹாவ் டு', 'நீட் டு' போன்றவை பேச்சில் வளர்வதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே சக ஊழியரிடம் 'வி நீட் டு ஃபினிஷ் திஸ் டுடே' என்று சொல்வது காலத்துக்கும் பொருந்துகிறது, காதுக்கும் இதமாக இருக்கிறது.

இன்டர்வியூவில் அடிக்கடி காதில் விழும் பிழை 'ஐ கேன் ஏபிள் டு'. 'கேன்', 'பி ஏபிள் டு' இரண்டுமே "முடியும்"தான், இரண்டையும் ஒட்டவைக்கக் கூடாது. 'ஐ கேன் டூ' அல்லது 'ஐ ஆம் ஏபிள் டு டூ'. எந்த இரண்டு மோடல் வெர்ப்பும் அடுத்தடுத்து நிற்காது. அதனால் எதிர்காலத்தில் 'வில் கேன்' கிடையாது, 'வில் பி ஏபிள் டு'. அமெரிக்காவின் தென்பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் 'மைட் குட்' என்று சேர்த்துப் பேசும் வட்டார வழக்கு உண்டு. அது அவர்களுடைய ஊர்ப்பேச்சு, நாம் பரீட்சையில் எழுத முடியாது.

இன்னொரு நுட்பம். பழைய திறமையைச் சொல்ல 'குட்' சரி. ஆனால் ஒரே ஒரு முறை முயன்று சாதித்ததைச் சொல்ல 'குட்' வராது. "நேற்று ரிப்போர்ட்டை முடிக்க முடிந்தது" என்பதற்கு 'எஸ்டர்டே ஐ குட் ஃபினிஷ் த ரிப்போர்ட்' என்றால் முடித்தீர்களா இல்லையா என்றே கேட்பவருக்குப் புரியாது. 'ஐ வாஸ் ஏபிள் டு ஃபினிஷ்' அல்லது நேராக 'ஐ ஃபினிஷ்டு'. முடியாததைச் சொல்லும்போது இந்தத் தொல்லை இல்லை, 'ஐ குட் நாட் ஃபினிஷ்' சரியே. கண்டேன், கேட்டேன் போன்ற புலன் வினைகளுக்கும் விலக்கு உண்டு: 'ஐ குட் ஹியர் த ரெயின்'.

இந்திய ஆங்கிலத்துக்கே உரிய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். 'த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே' என்று சுற்றறிக்கை எழுதுகிறோம். 'வில்' என்றால் மரியாதைக் குறைவு, 'வுட்' என்றால் மரியாதை என்ற எண்ணம். மேலே சொன்ன விலகல் இங்கே காலை வாரிவிடுகிறது. கேள்வியில் விலகல் மரியாதையாகும், அறிவிப்பில் சந்தேகமாகிவிடும். வெளிநாட்டில் அதைப் படிப்பவர் "நடந்திருக்கும், ஆனால்..." என்று ஒரு 'இஃப்' வரும் என எதிர்பார்ப்பார். நடக்கப்போவது உறுதி என்றால் 'வில்' என்றே எழுதுங்கள். 'இஃப்' இருக்கும் பாதியிலும் 'வுட்' வேண்டாம். "தெரிந்திருந்தால் வந்திருப்பேன்" என்பதற்கு 'இஃப் ஐ ஹாட் நோன், ஐ வுட் ஹாவ் கம்'.

'ஷல்' பற்றிப் பேச நிறைய இருக்கிறது. பழைய இலக்கணப் புத்தகங்களில் ஐ, வி ஆகியவற்றுடன் 'ஷல்', மற்றவற்றுடன் 'வில்' என்று ஒரு விதி இருக்கும். அதை எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர். 1653-ல் ஆங்கிலத்துக்கு லத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதியவர். இன்று அந்த விதியைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பேச்சில் 'ஷல்' மிச்சமிருப்பது முக்கியமாகக் கேள்வியில்தான், அங்கே தமிழுக்கு அச்சாகப் பொருந்துகிறது. 'ஷல் ஐ ஓபன் த விண்டோ?' என்றால் "ஜன்னலைத் திறக்கட்டுமா?" 'ஷல் வி கோ?' என்றால் "போகலாமா?"

சட்டத்தில் 'ஷல்' கட்டளை. நம் அரசியலமைப்பின் 74-ஆவது பிரிவில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். 1950-ல் இருந்த வாசகம், குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்றது. அந்த 'ஷல்' அமைச்சரவை இருப்பதைக் கட்டாயமாக்கியது. ஆலோசனைப்படி அவர் நடந்தே ஆகவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1976-ல் வந்த 42-ஆவது திருத்தம், அவர் அந்த ஆலோசனையின்படி 'ஷல் ஆக்ட்' என்று சேர்த்தது. கட்டாயம் எழுத்தில் வந்துவிட்டது. 1978-ல் 44-ஆவது திருத்தம் ஒரு வாசலைத் திறந்தது. அமைச்சரவையை மறுபடி யோசிக்கச் சொல்லிக் குடியரசுத் தலைவர் கேட்கலாம், 'மே ரிக்வயர்'. மறுபரிசீலனைக்குப் பிறகு வரும் ஆலோசனைப்படி அவர் நடந்தே ஆகவேண்டும், 'ஷல் ஆக்ட்'. ஒரே வாக்கியத்தில் ஒரு 'மே', ஒரு 'ஷல்'. நாட்டின் தலைமைப் பதவிக்கு உள்ள விருப்புரிமை எதுவரை என்பதை அந்த இரண்டு சிறு சொற்கள் வரையறுக்கின்றன. மோடல் வெர்ப் எல்லாம் வெறும் இலக்கணம் என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

ஆனாலும் சட்டம் எழுதுகிறவர்கள் பலருக்கு 'ஷல்' மேல் நம்பிக்கை குறைந்துவருகிறது. கட்டாயம், எதிர்காலம், சில இடங்களில் அனுமதி என்று ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்திவிட்டார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளை 2007-ல் எளிய நடையில் திருத்தியபோது, 'ஷல்' இருந்த இடங்களில் அந்தந்தப் பொருளுக்கேற்ப மஸ்ட், மே, ஷுட் என்று மாற்றினார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஐடி வேலையில் இருப்பவர்கள் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். இணையத் தொழில்நுட்பங்களுக்கான விதிகளில் மோடல் வெர்ப்களுக்கு என்ன பொருள் என்று 1997-ல் ஸ்காட் பிராட்னர் எழுதியது. 'மஸ்ட்' என்றால் விலக்கே இல்லாத கட்டாயம், 'ஷல்' என்றாலும் அதேதான். 'ஷுட்' என்றால் தக்க காரணம் இருந்தால் விட்டுவிடலாம், ஆனால் விளைவுகளை முழுதாக யோசித்துவிட்டு விட வேண்டும். 'மே' என்றால் முழுக்க விருப்பம். பெரிய எழுத்தில் வரும்போது மட்டுமே இந்தப் பொருள் என்று 2017-ல் இன்னொரு ஆவணம் தெளிவுபடுத்தியது. வாடிக்கையாளர் அனுப்பும் தேவைப் பட்டியலில் 'ஷுட்' என்று வந்தால் கட்டாயமா பரிந்துரையா என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இந்தச் சொற்கள் ஏன் மற்ற வினைகள் மாதிரி நடப்பதில்லை என்றும் சிலர் கேட்பார்கள். ஹி, ஷி வரும்போது மற்ற வினைகள் 'எஸ்' ஏற்கும், இவை ஏற்காது. காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. கேன், மே, ஷல் ஆகியவற்றின் நிகழ்கால வடிவமே அதற்கும் முந்தைய காலத்தில் இறந்தகால வடிவமாக இருந்தது, அதனால் நிகழ்கால விகுதி ஏறவில்லை. 'வில்' வேறு குடும்பம், இவற்றோடு பழகி இவற்றைப் போலவே ஆனது. 'மஸ்ட்' ஒரு பழைய வினையின் இறந்தகாலம், நிகழ்காலத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டது. அதனால் அதற்கென்று தனி இறந்தகாலம் இல்லாமல் போய், 'ஹாட் டு'வைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. 'கேன்' முதலில் "தெரியும்" என்ற பொருளில் இருந்தது. "எனக்கு நீந்தத் தெரியும்" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதே வழி. 'வில்' விருப்பத்தைக் குறித்தது, 'ஷல்' கடன்பட்டிருப்பதை. 'குட்' என்பதன் எழுத்தில் இருக்கும் 'எல்' பிற்காலத்தில் வுட், ஷுட் ஆகியவற்றைப் பார்த்துச் செருகியது.

உச்சரிப்பில் ஒரு விஷயம், போனில் பேசுகிறவர்களுக்கு அவசியம். 'ஐ கேன் கம்' என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சொல்லும்போது 'கேன்' தேய்ந்து ஏறக்குறைய 'கன்' என்று ஆகிவிடும், அழுத்தம் 'கம்' மேல் விழும். எதிர்மறையில் 'கான்ட்' அழுத்தமாக, உயிரெழுத்து முழுதாக ஒலிக்கும், கடைசி 'ட்' பல நேரம் காதில் விழவே விழாது. நாம் எல்லாச் சொல்லையும் சம அழுத்தத்தோடு சொல்லிப் பழகியவர்கள். நாம் 'கேன்' என்று அழுத்தும்போது, குறிப்பாக அமெரிக்கர்களுக்கு அது எதிர்மறையாகக் கேட்டுவிடுகிறது. வருகிறேன் என்று நீங்கள் சொன்னது, வர முடியாது என்று போய்ச் சேர்ந்திருக்கும். 'கேன்' சொல்லை விழுங்கி அடுத்த வினையை அழுத்திப் பழகுங்கள். முடியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் 'கேனாட்' என்று இரண்டு அசையையும் முழுதாகச் சொல்லிவிடுங்கள்.